குமிழும் நினைவகமும்: கிற்றார் ஒலிப் பெட்டிகளை ஆளும் இரு முறைகள்

மின்கிற்றாரின் ஒலியை மாற்றும் பெட்டிகள் இரண்டு முறைகளில் ஆளப்படுகின்றன. முதல் முறையில் ஒலியின் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு குமிழ் உண்டு. விரலால் திருகினால் ஒலி மாறும்; குமிழ் எங்கே நிற்கிறதோ அதுவே அப்போதைய அமைப்பு. இரண்டாவது முறையில் எல்லாப் பண்புகளின் அளவுகளும் எண்களாகப் பெட்டியின் நினைவகத்தில் பதிந்திருக்கும். காலால் ஒரு பொத்தானை மிதித்தால் அத்தனையும் ஒன்றாக மாறும். இப்படிச் சேமித்து வைத்த அமைப்பைக் கிற்றார் வாசிப்போர் பிரீசெட் என்கிறார்கள். இவற்றில் எது மேல் என்ற வாதம் 1980களிலிருந்து ஓயவில்லை. அது பெரும்பாலும் ரசனை பற்றிய வாதமாகவே நடந்து வருகிறது. உண்மையில் விடை வாசிக்கும் இடத்திலும் வேலையிலும் இருக்கிறது. இலங்கையின் மன்னார்க் கரையோரத் தேவாலயங்களையும் மடுத் திருத்தலத்தின் திறந்த வெளியையும் மனதில் வைத்து இந்தக் கருவிகளை ஆராய்ந்தால், பாட்டுக்குப் பாட்டு மாறவேண்டியவை வேறு, இடத்துக்கு இடம் மாறவேண்டியவை வேறு என்பது தெளிவாகும். நல்ல கருவி இந்த இரண்டையும் பிரித்தறிந்து வடிவமைக்கப்பட்டிருக்கும்.

கடைகளில் விற்பனைக்கு வந்து பேர்பெற்ற முதல் டிஸ்டோர்ஷன் பெட்டி 1962இல் வெளியான மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன். அதற்குச் சற்று முன்னர் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாட்டின் ஒலிப்பதிவில் மிக்சரின் ஒரு பகுதி பழுதாகி, பேஸ் கிற்றாரின் ஒலி கரகரத்துப் பதிவானது. அந்தக் கரகரப்பு கேட்டவர்களுக்குப் பிடித்துப்போகவே, அதைத் திட்டமிட்டு உண்டாக்கும் சுற்று ஒன்றை அந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னொடி வடிவமைத்தார். மாஸ்ட்ரோ பெட்டியில் இரண்டே குமிழ்கள்: ஒன்று ஒலியளவுக்கு, மற்றது கரகரப்பின் அளவுக்கு. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் ஒரு பாட்டு இதை உலகறியச் செய்தது. 1974இல் வந்த எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் ஃபேஸ் 90 பெட்டிக்கு ஒரே ஒரு குமிழ்தான். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் பொஸ் என்ற பெயரில் 1977இல் சிறு பெடல்களை வெளியிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த டிஎஸ்-1 மூன்று குமிழ்களோடு இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. வரைபடமும் கையேடும் இல்லாமல் யாரும் ஐந்து நிமிடத்தில் பழகிக்கொள்ளக்கூடிய கருவி அது.

குமிழின் அடியில் இருப்பது ஒரு மாறு மின்தடை. கரிப்பூச்சுப் பூசிய வளைந்த தடம் ஒன்று. அதன் மேல் உரசியபடி நகரும் சிறு உலோக நாக்கு. மூன்று இணைப்புக் கால்கள். குமிழ் ஏறத்தாழ 300 பாகை சுழலும். இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. காது ஒலியளவை விகிதமாகவே உணர்கிறது. ஆகவே ஒலியளவுக் குமிழின் தடம் சீரான சரிவாக இருந்தால், பாதித் திருகலில் மின்னழுத்தம் பாதியாகும். அது 6 டெசிபெல் குறைவு மட்டுமே. காதுக்கு அது பெரிய மாற்றமாகத் தெரியாது. முழு மாற்றமும் தொடக்கத்துக் கால்வட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு நடந்துவிடும். இதனால் ஒலியளவுக்கென மடக்கை வளைவு கொண்ட தடம் செய்யப்படுகிறது. அதில் பாதித் திருகலில் மின்னழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகும், அதாவது 20 டெசிபெல் குறைவு. பொதுவாக மடக்கைத் தடத்துக்கு ஏ என்றும் சீர்த் தடத்துக்குப் பி என்றும் உறுப்பின் முதுகில் அச்சிட்டிருப்பார்கள். பழுது பார்ப்பவர் ஏ எழுத்து இருந்த இடத்தில் பி எழுத்தைப் பொருத்திவிட்டால் பெட்டி வேலை செய்யும். ஆனால் வாசிப்பவர் கொஞ்சம் தொட்டாலே ஒலி வெடித்துக் கிளம்பும். குமிழின் இதமான நடத்தை இயற்கையாக வந்ததல்ல, கையையும் காதையும் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது.

குமிழின் மிகப் பெரிய நன்மை அது தன் நிலையைத் தானே காட்டுவது. அதன் தலையில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். நின்றுகொண்டு கீழே பார்த்தால், அரைவெளிச்சத்திலும், ஐந்து பெட்டிகளின் பதினைந்து கோடுகளையும் ஒரே பார்வையில் வாசித்துவிடலாம். மின்சாரம் இல்லாதபோதும் அந்தத் தகவல் அழியாது. எந்தக் குமிழைத் திருகினால் எது மாறும் என்பது கைக்குப் பழகிவிட்டால் கண்ணும் தேவையில்லை. இன்னொரு நன்மை, குமிழ் அளவுகளுக்கு இடையே நிற்கவிடும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே எங்கோ காது நிறுத்தச் சொல்லும் இடத்தில் அது நிற்கும்.

ஆனால் ஒரு நேரத்தில் ஒரு நிலையைத்தான் குமிழால் வைத்திருக்க முடியும். கிற்றார் வாசிப்பவரின் இரண்டு கைகளும் தந்திகளில் இருக்கின்றன. பாட்டின் நடுவே குனிந்து திருக வழியில்லை. இலங்கையில் 1960களின் இறுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் பரப்பிய பொப் பாடல்களுக்கு ஒரே வகைத் தாளக்கட்டுக் கிற்றார் போதுமாக இருந்தது. பின்னர் மேடைக் குழுக்கள் திரைப்பாடல்களையும் வாசிக்கத் தொடங்கியபோது தேவை பெருகியது. ஒரு பைலாவுக்கு அடுத்ததாக, 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ வந்தால், வறண்ட தட்டல் ஒலியிலிருந்து தெளிந்து விரியும் கிற்றார் ஒலிக்குச் சில நொடிகளில் மாறவேண்டும். ஒலியை விரிக்கும் கோரஸ் பெட்டியைப் போடவேண்டும், ஒலியைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவைக்கும் டிலேயைப் போடவேண்டும், டிஸ்டோர்ஷனை அணைக்கவேண்டும், ஒலியளவைச் சற்று இறக்கவேண்டும். நான்கு மிதிகளும் ஒரு குனிதலும் தேவைப்படும் வேலை அது. குமிழின் ஓரத்தில் வண்ண நாடா ஒட்டி இரண்டு மூன்று நிலைகளைக் குறித்து வைப்பது பழைய மேடை வழக்கம். அது குமிழுக்கு நினைவாற்றலைக் கையால் ஒட்டிக்கொடுக்கும் முயற்சி.

திருப்பலியில் இந்த நெருக்கடி இன்னும் கூர்மையானது. வருகைப் பாடல், தியானப் பாடல், அல்லேலூயா, காணிக்கைப் பாடல், தூயவர், திருவிருந்துப் பாடல், இறுதிப் பாடல் என வரிசை நிலையானது. ஆனால் அவற்றுக்கு இடையேயான நேரத்தைப் பாடகர் குழாம் தீர்மானிப்பதில்லை. வாசகம் முடிந்து சபை எழுந்ததும் அல்லேலூயா தொடங்கியாகவேண்டும். மேடைக் கச்சேரியில் அறிவிப்பாளர் நிரப்பித்தரும் இடைவெளி இங்கே கிடையாது. குனிந்து பெட்டிகளைத் திருகும் வாத்தியக்காரர் வழிபாட்டின் அமைதியைக் கலைப்பவராகவும் ஆகிவிடுகிறார். சேமித்த அமைப்பின் பயன் இதைப்போல வேறெங்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

இந்தச் சிக்கல் முதலில் எழுந்ததும் தேவாலயத்தில்தான் என்பது நினைவுகொள்ளத்தக்கது. பெரிய குழாய் ஓர்கன்களில் ஒலி வகைகளைத் திறந்து மூடும் இழுகுமிழ்கள் பல பத்துக்கணக்கில் இருக்கும். வாசித்தபடி பத்துக் குமிழ்களை இழுக்க முடியாது. ஆங்கிலேய ஓர்கன் தயாரிப்பாளர் ஹென்றி வில்லிஸ் 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சிக்குச் செய்த ஓர்கனில், விசைப்பலகையின் கீழே பெருவிரலுக்கு எட்டும் சிறு பொத்தான்களை வைத்தார். ஒரு பொத்தானை அழுத்தினால், முன்னரே வகுத்த குமிழ்த் தொகுதி ஒன்றாக இயங்கியது. இதன் பின்வந்த பல ஓர்கன்களில் இன்னொரு சிறப்பும் இருந்தது: பொத்தானை அழுத்தியதும் இழுகுமிழ்கள் தாமாகவே வெளியே வந்தும் உள்ளே போயும் புதிய நிலையைக் கண்முன் காட்டின. நினைவகம் கட்டளையிட்டது, குமிழ் உண்மை சொன்னது. இருபதாம் நூற்றாண்டின் மின்னணுக் கருவிகள் பல இந்த ஒழுங்கைக் கைவிட்டன. அதன் விலையை வாசிப்பவர்கள் இன்றும் கொடுக்கிறார்கள்.

1935இல் வந்த ஹமண்ட் மின் ஓர்கன் இரண்டு முறைகளையும் அருகருகே வைத்தது. ஒவ்வொரு விசைப்பலகையின் இடது ஓரத்திலும் நிறம் மாறிய பன்னிரண்டு கட்டைகள் இருந்தன; அவற்றில் பெரும்பாலானவை ஆலையிலேயே வகுத்த ஒலிகளைத் தந்தன. கடைசி இரண்டும் கட்டுப்பாட்டை ஒன்பது இழுவைத் தண்டுகளிடம் ஒப்படைத்தன. அவற்றை இழுத்து ஒலியைக் கையாலேயே கலந்துகொள்ளலாம். ஆலை வகுத்த ஒலியை மாற்ற விரும்பினால், கருவியின் முதுகுப்புறத்தைத் திறந்து திருகாணிகளைக் கழற்றிக் கம்பிகளை இடம் மாற்றவேண்டும். சேமிப்பது கடினம், அழைப்பது எளிது என்ற நிலை அது.

சேமிப்பு என்ற அந்த முதல் பாதியை எளிதாக்கியது நுண்செயலி. 1978இல் கலிபோர்னியாவின் சீக்குவென்ஷல் சேர்க்கிட்ஸ் வெளியிட்ட புரொஃபெட்-5 சின்தசைசரில் குமிழ்களின் நிலைகளை எண்களாக்கி 40 ஒலிகள் வரை சேமிக்க முடிந்தது. குமிழ்கள் மேசைமேல் பரவியே இருந்தன. நினைவகம் அவற்றுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. ஐந்தே ஆண்டுகளில் நிலைமை மறுபக்கம் சாய்ந்தது. 1983இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7இல் குமிழ்க் காடு இல்லை. தட்டையான பொத்தான்கள், ஒரு சிறிய திரை, எந்த அளவையும் மாற்ற ஒரே ஒரு நகர்த்துதண்டு. ஒரு ஒலியை வகுக்க நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று மாற்றவேண்டியிருந்தது. பெரும்பாலானோர் அந்த வேலைக்குப் போகவே இல்லை. ஆலையிலிருந்து வந்த 32 ஒலிகள் உலகின் இசைத்தட்டுகளை நிரப்பின. குறிப்பாக அதன் மின்பியானோ ஒலி 1980களின் காதல் பாடல்களில் எங்கும் கேட்டது. சென்னைத் திரையிசையிலும் அதே பத்தாண்டில் சின்தசைசர்கள் பரவின. இளையராஜா இசையமைத்த ‘புன்னகை மன்னன்’ 1986இல் கணினிவழி இசைக்காகப் பேசப்பட்டது. அழைப்பது எளிதாகவும் மாற்றுவது கடினமாகவும் இருக்கும் கருவி, காலப்போக்கில் எல்லோரையும் ஒரே ஒலிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. வட மாகாணத் தேவாலயங்களில் பரவலாகக் காணப்படும் தாளக்கட்டுக் கீபோட்டுகளில் இது நன்றாகவே கேட்கிறது. பாட்டும் மெட்டும் அந்தந்த மண்ணுக்கு உரியவை. அடியில் ஓடும் தாளமும் நரம்பிசையும் ஆலையில் வகுத்தபடியே ஒலிக்கின்றன.

கிற்றார் உலகம் இதே பாதையில் சற்றுப் பிந்தி வந்தது. பொஸ் எம்இ-5 1988இல் பல பெடல்களை ஒரு தரைப்பெட்டிக்குள் அடக்கி, அவற்றின் அமைப்புகளைச் சேமிக்க இடம் தந்தது. 1990 அளவில் வந்த ஜப்பானின் சூம் 9002, கிற்றாரின் தோள்பட்டியில் செருகிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பொட், அம்பிளிபயர் வகைகளையே கணக்கீட்டால் உருவாக்கித் தந்தது. அதன் முகப்பில் பழைய அம்பிளிபயரில் இருப்பதைப்போலவே குமிழ்களை வரிசையாக வைத்து, சேமிப்பையும் சேர்த்திருந்தார்கள். அது பெரிதும் விரும்பப்பட்டதற்கு ஒலி மட்டும் காரணமல்ல. வாங்கியவர் கையேட்டைத் திறக்காமலே வாசிக்கத் தொடங்க முடிந்ததும் காரணம்.

சேமித்த அமைப்பையும் குமிழையும் ஒரே பெட்டியில் வைக்கும்போது ஒரு முரண் எழுகிறது. மூன்றாம் பிரீசெட்டில் ட்ரெபிள் அளவு 8. நான்காவதில் 3. வாசிப்பவர் மூன்றிலிருந்து நான்குக்கு மிதித்ததும் ஒலியில் ட்ரெபிள் 3க்கு இறங்கிவிட்டது. ஆனால் குமிழின் வெள்ளைக் கோடு இன்னும் 8ஐக் காட்டுகிறது. குமிழ் பொய் சொல்கிறது. இப்போது அதைச் சற்றுத் தொட்டால் என்ன நடக்கவேண்டும்? இரண்டு விடைகள் நடைமுறையில் உள்ளன. ஒன்றில், தொட்ட கணமே அளவு 3இலிருந்து 8க்குத் தாவும். நடுப்பாட்டில் ஒலி கீறலாகக் கிளம்பும். மற்றதில், குமிழைத் திருகித் திருகி 3 என்ற இடத்தைக் கடக்கும்வரை எதுவும் நடக்காது. கடந்த பின்னரே அது பிடித்துக்கொள்ளும். தெரியாதவருக்கு அது குமிழ் பழுதாகிவிட்டதைப்போலத் தோன்றும். மூன்றாவது தீர்வு, எல்லையில்லாமல் சுழலும் குமிழ். அதற்கு வெள்ளைக் கோடே கிடையாது. நிலையைத் திரையோ, குமிழைச் சுற்றிய ஒளிப்புள்ளிகளோ காட்டும். 2011இல் வந்த ஜெர்மனியின் கெம்பர் புரொஃபைலர் ஒளிவளையம் சூழ்ந்த குமிழ்களைக் கொண்டது. நான்காவது தீர்வு விலை கூடியது: மோட்டாரால் தானே நகரும் கட்டுப்பாடு. பெரிய மிக்சர்களின் நகர்த்துதண்டுகளில் இது வழக்கமாகிவிட்டது. வில்லிஸ் காலத்து ஓர்கனின் நேர்மை அங்கே திரும்பி வந்திருக்கிறது.

எண்ணாக்குவதிலும் ஒரு இழப்பு உண்டு. கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983இல் வகுத்த மிடி முறையில் ஒரு கட்டுப்பாட்டு அளவு பொதுவாக 128 படிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒலியளவுக்கு இது போதும். சில வடிகட்டிகளை மெல்லத் திருகும்போது ஒவ்வொரு படியும் தனித்தனியே கேட்கும். நல்ல வடிவமைப்பாளர்கள் படிகளுக்கு இடையே மென்மைப்படுத்திவிடுகிறார்கள். மலிவான பெட்டிகளில் அந்த அக்கறை எப்போதும் இருப்பதில்லை.

இனி இடத்தின் கேள்வி. இதுவே மன்னார்ப் பகுதி வாத்தியக்காரருக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. மடுத் திருத்தலத்தின் வரலாறு 1670ஐ ஒட்டித் தொடங்குகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் மாந்தையிலிருந்து மரியன்னையின் திருச்சொரூபம் காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டது. 1924இல் அதற்கு முடிசூட்டப்பட்டது. இன்று ஓகஸ்ட் 15ஆம் திகதி ஆவணித் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் திரள்கிறார்கள். தமிழிலும் சிங்களத்திலும் பாடல்கள் ஒலிக்கின்றன. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அங்கு வந்தார். சுற்றிலும் மரங்கள், நடுவில் ஆலயம், அதன் முன் விரிந்த மணல்வெளி. ஒலி அங்கே சுவர்களில் மோதித் திரும்புவதில்லை. கிராமத்து ஆலயத்தில் மணிக்கணக்கில் பயிற்சி செய்து சேமித்த பிரீசெட் இந்த வெளியில் வேறொன்றாகக் கேட்கிறது.

அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது காதின் இயல்பு. 1933இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சர், மன்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலி மெதுவாக இருக்கும்போது தாழ்ந்த சுருதிகளையும் மிக உயர்ந்த சுருதிகளையும் காது குறைவாகவே உணர்கிறது. ஒலி கூடக் கூட அந்தக் குறை சுருங்குகிறது. வீட்டில், அயலவர் உறங்கும் நேரத்தில், ஹெட்ஃபோனிலோ சிறிய ஸ்பீக்கரிலோ ஒருவர் அமைக்கும் ஒலியில் பேஸும் ட்ரெபிளும் தாமாகவே கூடிப்போகும்; ஏனென்றால் காதுக்கு அவை போதாமல் கேட்டன. அதே அமைப்பைப் பெரிய ஒலிபெருக்கிகளில் ஏற்றும்போது பேஸ் முழங்கிப் பாடலை விழுங்குகிறது, ட்ரெபிள் காதைக் குத்துகிறது. தனியே வாசிக்கையில் நடுச் சுருதிகளைக் குறைத்தால் இனிமையாக இருக்கும். கீபோட், மேளம், நூறு குரல்கள் சேர்ந்த இடத்தில் கிற்றாரைக் கேட்கவைப்பதே அந்த நடுச் சுருதிகள்தான். சேமித்தவரின் காது தவறவில்லை. சேமித்த இடத்தின் ஒலியளவு வேறு, அவ்வளவுதான்.

இரண்டாவது எதிரொலி. கல்லும் சுண்ணமும் கொண்ட ஆலயத்துக்குள் ஒலி தானாகவே நீள்கிறது. அங்கே செயற்கை எதிரொலியான ரிவர்ப்பைச் சேர்த்தால் சொற்கள் மங்கிவிடும். வெளியிலே அதே கிற்றார் வறண்டு கேட்கும், ரிவர்ப் தேவைப்படும். ஆனால் வெளிக்கும் ஒரு பொறி உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்கிறது. முன்னாலுள்ள ஒலிபெருக்கிக்கும் நூறு மீற்றர் பின்னால் வைத்த ஒலிபெருக்கிக்கும் இடையே கால இசைவு செய்யப்படாவிட்டால், பின்னால் நிற்பவர் ஒவ்வொரு ஒலியையும் ஏறத்தாழ 0.3 நொடி இடைவெளியில் இரண்டுமுறை கேட்பார். அதன் மேல் கிற்றார்க்காரரின் டிலேயும் சேர்ந்தால் தாளமே சிதறும். எத்தனை மில்லிநொடி டிலே என்பது பாட்டைப் பொறுத்தது. அதில் எவ்வளவைக் கலப்பது என்பது இடத்தைப் பொறுத்தது.

மூன்றாவது காற்று. ஓகஸ்ட் மாதம் சோளகக் காற்றின் காலம். காற்று வீசும் திசையில் ஒலி தரைநோக்கி வளைந்து தொலைவுவரை செல்லும். எதிர்த்திசையில் மேல்நோக்கி வளைந்து மறையும். பகலில் சூடேறிய மணலின் மேல் ஒலி மேலெழுகிறது. இரவில் தரை குளிர்ந்ததும் தாழ்ந்து பரவுகிறது. உயர்ந்த சுருதிகளைக் காற்றே உறிஞ்சிக்கொள்ளும் அளவு ஈரப்பதனுக்கேற்ப மாறுகிறது. காலைத் திருப்பலிக்குச் சரியாக அமைந்த ட்ரெபிள் மாலை ஆராதனைக்குக் கூடுதலாகத் தோன்றலாம். இவற்றில் எதையும் எந்த நினைவகமும் முன்கூட்டி அறிய முடியாது. கையெட்டும் தூரத்தில் ஒரு குமிழ் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான நியாயம் இல்லை.

ஆகவே வேலையைப் பிரிப்பது இப்படி அமையும். எந்தப் பெட்டிகள் இயங்கவேண்டும், கரகரப்பு எவ்வளவு, டிலே என்ன வேகம், கோரஸ் உண்டா இல்லையா என்பவை பாட்டோடு பிறந்தவை. அவை நினைவகத்துக்கு உரியவை. மொத்த ஒலியளவு, பேஸ், மிட், ட்ரெபிள், ரிவர்ப்பின் கலவை ஆகியவை இடத்தோடு பிறந்தவை. அவை எந்தப் பிரீசெட்டுக்கும் கட்டுப்படாத தனிக் குமிழ்களாக, எல்லாப் பிரீசெட்டுகளின் மேலும் ஒன்றாக இயங்கவேண்டும். இன்றைய தரைப்பெட்டிகள் பலவற்றில் இப்படிப்பட்ட பொதுச் சமன்படுத்தி இருக்கிறது. ஆனால் அதைத் திரைக்குள் நான்கு பக்கம் தாண்டி ஒளித்து வைத்திருப்பதே வழக்கம். வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது எத்தனை நூறு ஒலிகள் உள்ளே உள்ளன என்பதையல்ல, பொது ட்ரெபிளைக் குறைக்க எத்தனை முறை அழுத்தவேண்டும் என்பதையே. பொதுச் சமன்படுத்தி முகப்பில் இல்லாத பெட்டியை வைத்திருப்பவர் ஒரு சிறு சமன்படுத்திப் பெடலை வாங்கி அதன் வெளியீட்டில் தொடுத்துவிட்டால் குறை பெரிதும் தீர்ந்துவிடும்.

பிரீசெட்டுகளை அடுக்கும் முறையும் கவனம் வேண்டுவது. ஒலி வகைப்படி அடுக்கினால் மூன்றாவதிலிருந்து ஏழாவதுக்குப் போக நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றை மிதித்துக் கடக்கவேண்டியிருக்கும். அமைதியான தருணத்தில் அவற்றின் ஒலிகள் எட்டிப்பார்க்கும். திருப்பலி வரிசைப்படியே அடுக்கினால் வலப்பக்கப் பொத்தான் ஒன்றே போதும். ஒவ்வொன்றின் ஒலியளவும் சமமாக இருக்கிறதா என்று சோதிப்பதும் சேமிக்கும்போதே செய்யவேண்டிய வேலை. மாற்றும் கணத்தில் பல பெட்டிகளில் ஒலி ஒரு நொடியின் சிறு பங்குக்கு அறுந்துபோகும். முந்திய அமைப்பின் டிலே வாலும் வெட்டுப்படும். 2015இல் வந்த லைன் 6 ஹீலிக்ஸ் போன்றவற்றில் ஒரே பிரீசெட்டுக்குள் பல துணை நிலைகளை வைத்து இந்த வெட்டைத் தவிர்க்கும் வசதி உண்டு. அதே கருவியின் மிதிபொத்தான்கள் விரலின் தொடுகையையும் உணர்கின்றன. தொட்ட பொத்தானுக்குரிய அளவு உடனே திரையில் வந்து நிற்கிறது. 2021இல் விற்பனைக்கு வந்த குவாட் கோர்டெக்ஸ் இன்னும் ஒரு படி போனது: அதன் மிதிபொத்தான்களையே கையால் திருகலாம். மிதிக்கும் பொருளும் திருகும் பொருளும் ஒன்றாகிவிட்டன.

கரையோரத்தில் கருவியின் ஆயுளும் கணக்கில் வரும். உப்பளங்கள் உள்ள மன்னார்த் தீவிலும், பேசாலை, வங்காலை போன்ற கரையூர்களிலும் உப்புக்காற்று உலோகத் தொடுமுகங்களை விரைவில் அரிக்கிறது. குமிழ் முதலில் கரகரக்கத் தொடங்கும். திருகும்போது ஒலி விட்டுவிட்டு வரும். தொடுமுகத் தூய்மையாக்கியைத் துளைவழியே தெளித்து இருபது முப்பதுமுறை முன்னும் பின்னும் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் மூன்று கால்களைச் சூட்டுக்கோலால் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். வானொலி திருத்தத் தெரிந்த எவரும் செய்யக்கூடியது. பழுதான குமிழ் ஒரு பண்பை மட்டுமே கெடுக்கிறது. நினைவகப் பெட்டியில் ஒரு மிதிபொத்தான் செத்துவிட்டால் அதன் வழியே அடையும் அத்தனை ஒலிகளும் கைவிட்டுப்போகின்றன. அதன் பாகங்கள் நுண்ணியவையாகப் பலகையோடு ஒட்டியிருப்பதால் ஊரில் திருத்துவது அரிது. 1980களின் கருவிகளில் நினைவகத்தைக் காப்பது உள்ளே உள்ள ஒரு லித்தியம் மின்கலம்; அது தீர்ந்ததும் சேமித்தவை அனைத்தும் அழியும். பிற்காலத்து ஃபிளாஷ் நினைவகத்துக்கு அந்தக் குறை இல்லை.

மின்சாரமும் அப்படியே. சாதாரண டிஸ்டோர்ஷன் பெடல் சில மில்லி அம்பியர் மட்டுமே எடுக்கும். 9 வொல்ட் மின்கலம் ஒன்றில் பல மணிநேரம் ஓடும். ஜெனரேற்றருக்கு மாறும் இடைவெளியில் அது எதையும் உணர்வதில்லை. நினைவகப் பெட்டி ஒரு கணினி. மின்சாரம் இமைத்தால் அணைந்து மீண்டும் எழும். எழுவதற்குப் பல நொடிகள் ஆகும். எழுந்த பின்னும் சில பெட்டிகள் விட்ட இடத்தில் நிற்காமல் முதலாவது பிரீசெட்டுக்குப் போய்விடும். திருவிழாவுக்கு அதை எடுத்துச் செல்பவர், மின்வெட்டைத் தாங்கும் சிறு மின்கலப் பெட்டியையும் சேர்த்து எடுத்துச் செல்வது நல்லது.

கருவி யாருடையது என்பதும் முறையைத் தீர்மானிக்கிறது. பங்கு ஆலயத்தின் பொதுக் கருவியைப் பலர் தொடுவார்கள். ஞாயிறு காலை ஒருவர் அமைத்த குமிழ்கள் மாலைக்குள் இடம் மாறியிருக்கும். அந்தச் சூழலில் சேமித்த அமைப்பு ஒரு பாதுகாப்பு. ஒவ்வொருவரும் தத்தம் எண்ணை மிதித்து வாசிக்கலாம். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கோ குமிழே நல்ல ஆசான். ஒன்றைத் திருகி ஒன்றைக் கேட்டு, காரணத்தையும் விளைவையும் இணைத்துக்கொள்ளும் பழக்கம் அதில்தான் வருகிறது. ஆயத்த ஒலிகளில் தொடங்கும் பிள்ளைக்கு ஒலியின் பெயர்தான் தெரியும், அதன் உறுப்புகள் தெரியாது. ஓர் ஆண்டாவது மூன்று குமிழ்ப் பெடல் ஒன்றோடு பழகிய பிறகு நினைவகப் பெட்டியைக் கையில் கொடுத்தால், அந்தப் பிள்ளை ஆலையின் ஒலிகளைத் தன் பாட்டுக்கேற்பத் திருத்தத் துணியும்.

கடைசியாக, அமைப்புகளைப் பாதுகாப்பதும் கைமாற்றுவதும். நினைவகப் பெட்டியின் அமைப்புகளை யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு எடுத்து வைக்கலாம். ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னும் இதைச் செய்துவைப்பது பெரும் துயரத்தைத் தவிர்க்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் கோப்பை இன்னொரு நிறுவனத்தின் பெட்டி வாசிக்காது. மிடியில் பிரீசெட்டை மாற்றும் கட்டளை ஓர் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்த எண்ணுக்குரிய ஒலி என்ன என்பதை அது சொல்வதில்லை. ஒலியின் முழு விவரத்தையும் அனுப்ப மிடியில் வழி இருந்தாலும், அதன் உள்ளடக்கத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொள்கிறது. கருவி மாறினால் வேலையை மறுபடி தொடங்கவேண்டும். குமிழ்ப் பெடலின் அமைப்பை ஒரு தாளில் வட்டங்கள் வரைந்து கோடு இட்டுக் குறிக்கலாம், அல்லது கைபேசியில் ஒரு படம் எடுக்கலாம். மன்னாரில் ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்து, அதே பெடலை வைத்திருக்கும் இன்னொருவர் ரொறன்ரோவில் அதே ஒலிக்கு மிக அருகில் வந்துவிட முடியும். எஞ்சும் சிறு வித்தியாசம் இரண்டு கரித் தடங்களின் உற்பத்தி வேறுபாட்டால் வருவது, அதைக் காதால் திருத்திக்கொள்ளலாம்.